ஆயுத பூஜைப் பொரியும் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். கேட்டவருக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில், வயது இருபத்தாறு. அவருடைய போதகர் சினிமா, பொங்கல், ஆயுத பூஜை, இன்ஸ்டாகிராம் எல்லாமே ‘உலகம்’, விட்டு விலகு என்கிறார். ரூமில் கூட இருப்பவர்கள், “இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு மேட்டராடா?” என்று சிரிக்கிறார்கள். கடவுளைப் பற்றிப் பெரிதாக யோசிக்காத இந்தக் காலத்துக் கலாச்சாரத்தோடு கிறிஸ்தவர்களும் சபைகளும் எப்படித்தான் பழகுவது என்பது கேள்வி. சபையைப் பற்றிக் கேட்டது போல இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளாகவும் திங்கட்கிழமை வேறொரு ஆளாகவும் இருந்து அலுத்துப்போன ஒருவரின் கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. அந்த அலுப்புக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இறையியல் கல்லூரியில் முறையாகப் படித்து, அதன்பின் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சபை ஊழியத்திலேயே காலத்தைக் கழித்தவன். புராட்டஸ்டன்ட் பக்கத்து ஆள். கத்தோலிக்கரின் வழக்கங்களைப் பற்றிச் சொல்வது அக்கம்பக்கத்தில் பார்த்ததும் படித்ததும்தான். பெந்தெகொஸ்தே நண்பர்கள் சில இடங்களில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த இடங்கள் எவை என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தலைப்பில் நம் போதகர்கள் படிக்கிற புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருபவை. காலியாகிப்போன ஆலயங்கள், ஞாயிறன்று தூங்குகிற ஊர், கடவுளே இல்லை என்கிற பேராசிரியர்கள் என்று அவற்றின் கவலை வேறு. ரிச்சர்ட் நீபூர் என்கிற அமெரிக்க இறையியலாளர் 1951-இல் கிறிஸ்துவுக்கும் கலாச்சாரத்துக்கும் உள்ள உறவை ஐந்து வகையாகப் பிரித்தார். எதிர்ப்பது, ஒத்துப்போவது, மாற்றுவது என்று போகும். எல்லா இறையியல் கல்லூரியிலும் இது பாடம், நானும் பரீட்சைக்கு உருப்போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல் ஊரில் பாதிப் பேராவது கிறிஸ்தவராக இருக்கிற நாட்டில் எழுதியது. தர்மபுரி கிருஷ்ணகிரியில் நாம் கைவிரல் விட்டு எண்ணுகிற கூட்டம். நாகர்கோவில், தூத்துக்குடி மாதிரி தெருவுக்குத் தெரு கோபுரம் இங்கே கிடையாது. ‘கலாச்சாரத்தை மாற்றுவோம்’ என்று இங்கே மேடையில் முழங்கினால், முன்வரிசையில் இருக்கிற நாற்பது பேரும் ஆமென் சொல்வார்கள், அதோடு சரி.

தவிர, நம்மூரில் சாமி எங்கேயும் போய்விடவில்லை. குருப்பெயர்ச்சிக்கு ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் இது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற ஊர். கருப்புச் சட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து கற்க வேண்டியதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்களைச் சபையிலிருந்து இழுத்துக்கொண்டு போவது நாத்திகம் இல்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்து இளைஞர்களில் கடவுள் இல்லை என்று முடிவு கட்டி வெளியே போனவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் ஷிஃப்ட், இஎம்ஐ, ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு, கையில் இருக்கிற போன் என்று வேறு விஷயங்கள் நேரத்தைத் தின்றுவிட்டன. சார்லஸ் டெய்லர் என்கிற கனடா நாட்டுத் தத்துவவாதி 2007-இல் எழுதியது இங்கே ஓரளவு பொருந்தும். முன்பு விசுவாசம் காற்று மாதிரி இயல்பாக இருந்தது, இப்போது பல தேர்வுகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது என்பது அவர் வாதம். ஓசூருக்கு அது முழுக்கப் பொருந்துமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். இங்கே யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை, களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறார்கள்.

அதனால் முதலில் ஷிஃப்டைப் பேசிவிடுவோம். எந்தப் பிரசங்கத்திலும் இது வராது. ஓசூரில் பல கம்பெனிகளில் வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு கிடையாது, சுற்றில் வரும். சி ஷிஃப்ட் முடித்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளையிடம் ஒன்பது மணி ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது அக்கறை மாதிரித் தெரியலாம், ஆனால் அக்கறை இல்லை. ஆராதனை நேரம் விவசாயிக்கும் அரசு ஊழியருக்கும் ஏற்றபடி எப்போதோ வைத்தது, அப்படியே நிற்கிறது. ஆதிச் சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது கி.பி. 321-இல். அதுவரைக்கும் அது வேலை நாள். கி.பி. 112 வாக்கில் பிளினி என்கிற ரோம ஆளுநர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள், விடிந்ததும் எஜமான் வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு சின்ன ஆராதனை வைத்தால் சபை சமரசம் செய்துகொண்டது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை, வரலாற்றில் அதுதான் பழையது. கேட்டவர் தன் போதகரிடம் சண்டையே போடாமல் கேட்கக்கூடிய முதல் விஷயம் இதுதான்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? இதில் எனக்குச் சந்தேகமில்லாத இடம் ஒன்று உண்டு. விலகிப் போய்விடு என்பது வேதத்தின் கட்டளை இல்லை. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அப்புறம், அந்தப் “பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்” என்கிறார். தங்களைச் சிறைபிடித்த ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். தானியேல் அந்த ஊர்ப் படிப்பைப் படித்தார், அந்த ஊர்ப் பெயரை ஏற்றுக்கொண்டார், அந்த அரசாங்கத்தில் வேலை பார்த்தார். சாப்பாட்டில் ஒரு கோடு போட்டார், ஜெபத்தில் இன்னொன்று. இயேசுவும் தம் சீடர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டவில்லை, தீமையிலிருந்து காக்கும்படிதான் வேண்டினார். “இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்” என்று பவுல் எழுதியதும் வேதம்தான், அதையும் மறைக்க மாட்டேன். கோடு உண்டு. அதை எங்கே போடுவது என்பதுதான் எல்லாச் சண்டையும்.

கோட்டை எங்கே போடுவது என்று பார்க்க ஆயுத பூஜையையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் கம்பெனிக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின நாளே மெஷினை நிறுத்தி, டீசலும் வேஸ்ட் துணியும் வைத்து, வருஷம் முழுக்க ஒட்டிய கூலன்ட் பிசுக்கையும் இரும்புத்தூளையும் சுரண்டி எடுப்பார்கள். மறுநாள் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. லைனுக்கு முன்னால் வாழைக்கன்று, இலையில் பொரி, கடலை, பழம். கேட்டில் பூசணிக்காய் உடைபடும். அப்புறம் சூப்பர்வைசர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பார். அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற கிறிஸ்தவப் பையனை நான் நன்றாக அறிவேன்.

கொரிந்து பட்டணத்திலும் இதே பொட்டலம் இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி என்று அங்கே பெயர். பவுல் இதற்கு மூன்று அதிகாரம் எழுதினார். சுருக்கினால் இவ்வளவுதான்: பலிபீடத்தின் பந்தியில் பங்கெடுக்காதே. கடையில் விற்பதை மனச்சாட்சிக்காக விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு. ஆனால் யாராவது, “இது படைத்தது” என்று எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காக விட்டுவிடு. இதை மெஷின் பக்கம் கொண்டுவந்தால், என் பார்வையில் இப்படி வரும். சுத்தம் செய்கிற வேலையில் மற்ற எல்லோரையும் விட நீங்கள் அதிகமாகச் செய்யுங்கள். பூஜை நடக்கும்போது மரியாதையாக நில்லுங்கள், ஓடி ஒளிய வேண்டாம். தட்டைக் கையில் வாங்கி தீபாராதனை காட்டச் சொன்னால், “அண்ணா, அது எனக்கு வழக்கமில்லை, தப்பா எடுத்துக்காதீங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நம்மூரில் இதற்கு யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதற்குத்தான் கோபம் வரும். பொரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பொரியைச் சாப்பிடலாமா? இங்கேதான் உறுதி போய்க் கருத்து ஆரம்பிக்கிறது. நான் சாப்பிடலாம் என்பேன். பெந்தெகொஸ்தே நண்பர்கள் கூடவே கூடாது என்பார்கள், அவர்கள் பிடித்துக்கொள்கிற வசனமும் அதே பவுல் எழுதியதுதான். ரோமர் பதினாலாம் அதிகாரம் இருவரையுமே மற்றவரை நியாயந்தீர்க்காதே என்கிறது. உங்கள் அம்மா மனம் புண்படுமென்றால் அவர் முன்னால் பிரித்துச் சாப்பிடாதீர்கள். அதற்காகப் பொட்டலத்தைக் கம்பெனிக் குப்பைத்தொட்டியில் எல்லோரும் பார்க்கப் போடவும் வேண்டாம். அப்படிச் செய்வது சாட்சி என்று சில சபைகளில் மெச்சிப் பேசுகிறார்கள். கொடுத்தவரை அவமானப்படுத்தியதைத் தவிர அதில் ஒரு சாட்சியும் இல்லை.

பொங்கலில் எனக்கு இவ்வளவு தயக்கம்கூட இல்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லத் தெரியாத விசுவாசம் என்ன விசுவாசம்? கத்தோலிக்கர் எப்போதோ இதைத் தீர்த்துவிட்டார்கள். கோயில் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள், ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாளுக்கு மாடுகளை ஓட்டி வந்து மந்திரித்துக்கொண்டு போகிற ஊர்களும் உண்டு. நாமும் அறுப்பின் பண்டிகை என்று பூசணியும் வாழைத்தாரும் ஏலம் விடுகிறோம், அதுவும் அதே நன்றிதான். சினிமாவைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. தியேட்டருக்குப் போகாதே என்று சொன்ன தலைமுறையின் வீட்டிலேயே இப்போது சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை சீரியல் ஓடுகிறது. நல்ல படம், கெட்ட படம் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்வதுதான் இனி வழி.

இத்தனையும் எளிதான விஷயங்கள். எளிதாக இருப்பதால்தான் பிரசங்கங்களில் அடிக்கடி வருகின்றன என்பது என் குற்றச்சாட்டு. கலாச்சாரம் என்பது ஆலயத்துக்கு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். அது எப்போதோ உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டது. சாதியைச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ராபர்ட் தெ நோபிலி என்கிற இத்தாலிய இயேசு சபைக் குரு 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்த நாட்டுத் துறவியாகவே வாழ்ந்தார். 1623-இல் நம் பக்கத்துச் சேலத்துக்கும் வந்தார். அதே வருஷம்தான் போப் பதினைந்தாம் கிரகோரி, குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கமாக இருக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். கலாச்சாரத்தோடு உறவாடுவதற்கு இதைவிடத் துணிச்சலான உதாரணம் எனக்குத் தெரியாது, இன்றும் நான் வியக்கிறேன். ஆனால் சந்தனத்தோடு சாதியும் உள்ளே வந்தது. புராட்டஸ்டன்ட் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர், நாம் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளை ராகம் தாளத்தோடு தந்தவர். ஐரோப்பிய ஞானப்பாட்டுகளுக்குப் பக்கத்தில் நம் இசையை ஆலயத்துக்குள் உட்காரவைத்த மகா கவி. அதே சாஸ்திரியார்தான் ஆலயத்தில் சாதி வழக்கங்களை ஆதரித்து மிஷனரிகளோடு மல்லுக்கு நின்று எழுதினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியைத் திருச்சபையில் முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் சபைகளே இரண்டாகப் பிளந்தன. எதை ஏற்பது, எதை விடுவது என்கிற கேள்வி உங்கள் தலைமுறைக்கு வந்த புதுக் கேள்வி இல்லை. ராகத்தை ஏற்றவர் சரியாகச் செய்தார், அவரே சாதியை ஏற்றபோது தவறாகச் செய்தார்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2012 நவம்பர் 7-ஆம் தேதி, சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. நாடு முழுக்கப் பேசியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த பல பிரசங்க பீடங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஊழியக்காரர்களைக் கோழை என்று திட்ட எனக்கு மனமில்லை; சபைக்குள் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அதே பீடங்களில் அந்த டிசம்பரில் சினிமாப் பாட்டு மெட்டில் கேரல் பாடக்கூடாது என்று அரை மணி நேரம் பேச முடிந்தது. இன்றைக்கும் கிறிஸ்தவ மணமக்கள் தேவை விளம்பரங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கிறது. ‘உலகத்துக்கு ஒத்த வேஷம்’ என்று எனக்குப் படுவது இதுதான்.

கருப்புச் சட்டைக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? உங்கள் லைனில் பெரியார் படிக்கிற தோழர் யாராவது இருந்தால், அவரிடம் வாதாடப் போகாமல் கொஞ்சம் கேளுங்கள். “மதம் மாறினீங்க, சாதி மாறலையே?” என்பார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று ஒத்துக்கொள்வதுகூட ஒரு சாட்சிதான்.

சட்டமும் இப்படித்தான், பல இடங்களில் சபைக்கு முன்னால் நடந்திருக்கிறது. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு இருந்ததை நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் தொடர்போடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-இல் சட்டம் திருத்தப்படும் வரை இதுதான் நிலை. கேரளத்தில் மேரி ராய் என்கிற பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் அங்கே சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அப்பன் சொத்தில் சமபங்கு கிடைத்தது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் பைக்கும் பவுனும் கேட்கிற கல்யாணத்தை நடத்தி வைக்கிற சபை ஐயர்மார் இன்றும் இருக்கிறார்கள். மதம் சாராத அரசும் நீதிமன்றமும் நமக்கு எதிரி என்று பேசுகிறவர்கள், வேதம் சொன்ன சில நியாயங்கள் அந்த வழியாகத்தான் நம் பெண்களுக்கு வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வெளியே பேசுவதற்கும் சட்டம் என்ன இடம் கொடுத்திருக்கிறது என்று சபைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பை விமர்சிக்கிற சட்ட அறிஞர்கள் உண்டு. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம், அங்கே 2022-இல் ஒரு சட்டம் வந்தது. ஓசூர்ச் சபைகள் பெங்களூர்ப் பக்கம் கூட்டம் போடும்போது இதை மறந்துவிடக்கூடாது. பேதுரு, நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்கு “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” பதில் சொல்லச் சொன்னார். கேட்கிறவருக்குப் பதில், அதுவும் சாந்தமாக.

சாந்தம் என்றதும் ஸ்பீக்கர் நினைவுக்கு வருகிறது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் ஒரு சபையின் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்போர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. கோயில் திருவிழாவில் போடுகிறார்களே, நாம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் போடுகிறார்கள்தான். பரீட்சைக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டும் ஒரே சத்தம். ஸ்பீக்கரை உள்ளே திருப்பி வைத்தாலே அந்தத் தெருவில் சபைக்குப் பாதி மரியாதை கூடும். ‘அற்புத சுகமளிக்கும் கூட்டம்’ என்று நோய்ப் பெயர்களைப் பட்டியல் போட்டு ஃபிளெக்ஸ் அடிப்பதையும் நிறுத்தலாம். மாய வைத்திய விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே ஒரு சட்டம் இருப்பது அச்சடிக்கக் கொடுப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி, என்னதான் செய்வது? பி.டி. தேவநந்தன், எம்.எம். தாமஸ் என்று இரண்டு இறையியலாளர்கள் பெங்களூரில், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், 1957-இல் தொடங்கிய ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தபடி இதைத்தான் யோசித்தார்கள். புதிதாக விடுதலை அடைந்த நாட்டைக் கட்டுகிற வேலையில் மற்றவர்களோடு சக குடிமக்களாகத் தோள் கொடுப்பதும் கிறிஸ்தவ அழைப்புதான் என்பது அவர்கள் பேச்சு. அதற்கும் முன்னால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருந்தார். கத்தோலிக்கர், முன்சீப்பு, 1879-இல் தமிழின் முதல் நாவலை எழுதியவர். அவர் எல்லாச் சமயத்தவரும் சேர்ந்து பாடுகிற மாதிரிக் கீர்த்தனைகள் எழுதினார், தாது வருஷப் பஞ்சத்தில் சொந்தக் காசில் கஞ்சி ஊற்றினார். அவர் விசுவாசம் அதனால் நீர்த்துப்போனதாக யாரும் சொன்னதில்லை.

இங்கே நம் கையில் இருக்கிற வேலையைச் சொல்கிறேன். இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், வருஷக்கணக்கில் போனால் முட்டியும் முதுகும் இறுகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது பெரிய உதவி. ஆனாலும் பைப்பில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சபைக்கு ஒரு போர்வெல் இருந்தால் முதலில் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு இருந்தால் சுத்திகரிப்புக் கருவி வைத்து, குழாயைக் காம்பவுண்டு சுவருக்கு வெளிப்பக்கம் போடுங்கள், தெரு ஜனம் கேட்டைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு போகட்டும். மேலே வசனம் எழுத வேண்டாம். எழுதினால் என்ன தப்பு என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் எழுதாதபோது அதைப் பற்றி நம்மிடம் கேட்பார்கள், எழுதினால் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஓசூருக்கு வேலைக்கு வந்து ஹாஸ்டலில் அடைந்திருக்கிற பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். நம் ஆலயத்துக்கு வந்தால் பிரசங்கம் ஒன்றும் புரியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஊரில் இந்தியில் பத்து நிமிஷம் வேதம் வாசிக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்வது பெரிய விஷயமில்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் ஆதார் திருத்தம், பிஎஃப் பணம், ஆஸ்பத்திரி என்று கூட வர ஓர் ஆள் வேண்டும். வாலிபர் கூட்டத்தில் கிதார் வாசிக்கத் தெரிந்த பையனைவிட பிஎஃப் வெப்சைட் தெரிந்த பையன் இன்றைக்கு அதிகம் உதவுவான்.

போனைப் பற்றி ஒன்று மட்டும். இன்ஸ்டாகிராமை விடு என்று வாலிபர்களிடம் சொல்கிற பெரியவர்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கேயோ நடந்த கலவரத்தின் பழைய வீடியோ, தேதி போட்ட தீர்க்கதரிசனம், மற்ற மதத்தாரைக் கேலி செய்கிற படம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது பத்துக் கட்டளைகளில் இருக்கிறது, ஃபார்வேர்டு செய்வதற்கு விதிவிலக்குக் கொடுக்கவில்லை. ரீல்ஸ் விசுவாசத்தை எவ்வளவு அரிக்கிறது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் அதில் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. பொய் அரிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக உங்கள் போதகர். நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் சபை மாறிவிடலாமா என்கிற எண்ணம் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அவசரப்படாதீர்கள், தம்பி. அவர் பெரும்பாலும் முதல் தலைமுறை விசுவாசியாக இருப்பார். பழைய வழக்கத்திலிருந்து வெளியே வர வீட்டோடும் ஊரோடும் பெரிய விலை கொடுத்தவருக்கு, பொரிப் பொட்டலம் உங்களுக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது. பவுல் சொன்ன பலவீனமான மனச்சாட்சி என்று அவரை ஒதுக்கிவிடவும் முடியாது, அவர் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. அவரை ஒரு நாள் உங்கள் கம்பெனி கேட்டுக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். டீக்கடையில் உட்காரவையுங்கள். உங்கள் ரூம் நண்பர்களையும் அழைத்து அறிமுகப்படுத்துங்கள், அவர்கள் கேட்கிறதைக் கேட்கட்டும். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை ஆராதனையைப் பற்றிப் பேச்சை எடுங்கள். மறுத்துவிட்டார் என்றால் திரும்ப எழுதுங்கள், சாயங்கால ஆராதனை நடக்கிற சபைகள் ஓசூரிலேயே இருக்கின்றன, பழைய சபையை விடாமலேயே அங்கேயும் போய் வரலாம்.